வீணைக்கு ஒரு டிக்கெட்

“வீணைக்கு அரை டிக்கெட் கேப்பானா, முழு டிக்கெட்டா?”

பாம்பனில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தவர் மகளிடம் கேட்டார். காலேஜில் மியூசிக் சேரப் போகிறாளாம்.

“லக்கேஜ் போடுவாங்கய்யா.”

“அதைத் தூக்கிக்கிட்டுத் தெனமும் பஸ்ல அலையணுமா? வாய்ப்பாட்டு எடுத்துக்க தாயி. கைய வீசிக்கிட்டுப் போயிட்டு வரலாம்.”

“சரிங்கய்யா. ஆனா விடியுமுன்ன எந்திரிச்சு, தொண்டையத் தொறந்து சாதகம் பண்ணணும்.”

“வீட்லயா?”

“வீட்லதான்.”

“ராப்பூரா கடல்ல கெடந்துட்டு வந்து, அப்பத்தானே நான் கண்ண மூடுவேன்!”

மண்டபம் வரைக்கும் யோசித்தார்.

“வீணையே எடு. லக்கேஜ நான் பாத்துக்கிறேன்.”

“சரிங்கய்யா.”

வீணைக்கும் சாதகம் அந்நேரந்தான். அவள் அதைச் சொல்லவில்லை.