காலிக் கூட்டுக்கு ஒரு வேண்டுதல்

எனக்கு யாரும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று செங்கம் சாலை பிரவுசிங் சென்டரில் காத்திருந்தேன். உள்ளே ஒரு வெள்ளைக்காரர், தன் ஊரில் கேமரா வைத்துக் காட்டும் காலிப் பறவைக்கூடு ஒன்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் வீட்டுச் சாவி வாங்க வந்த சமையல்காரம்மா, வாசலில் பூக்காரியிடம் சொன்னார்:

"அந்தக் கூடு காலியா இருக்கிற வரைக்கும்தான்க்கா எனக்கு வேலை."

"இன்னாடி சொல்ற?"

"மீன் புடிக்கிற கழுகாம். பனி விட்டதும் ஆணும் பொண்ணும் அங்க வந்து சேருமாம். ஜோடி சேர்ந்துட்டா இவரும் ஊருக்குக் கிளம்பிடுவாராம். பௌர்ணமிக்கு மலை சுத்தி வேண்டிக்கிட்டேன், அதுங்களுக்கு வழியே தெரியக் கூடாதுன்னு."

"அடிப்பாவி! முட்டையிடப் போற ஜீவன்டி."

"என் புள்ளைங்க மட்டும் பட்டினி கிடக்கணுமா?"

உள்ளே வெள்ளைக்காரர் கைதட்டிக் குதித்தார். ஆண் பறவை வந்துவிட்டதாம். பெண் இன்னும் வரவில்லையாம்.

சமையல்காரம்மா கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அண்ணாமலையாரே, வருஷா வருஷம் திருவூடல்ல உன் பொண்டாட்டியே கோவிச்சுக்கினு கதவைச் சாத்துறா. இந்தப் பொட்டைக் கழுகுக்கும் கொஞ்சம் கோவத்தைக் குடேன்."