மயில்கழுத்துப் பெட்டி

"ஹலோ... அபி? நான்தான்... ஆமா, ரூக்ஷார் அக்காதான். வேற எவ உனக்குப் போன் பண்ணப் போறா?... இரு, இரு. நான் சண்டைக்கு வரல... சண்டைக்கு வரலன்னு சொல்றேன்ல!... சரி, கத்தல. கத்தாமதான் பேசறேன். இப்போ எங்க இருக்கிற?... ஏனாத்தூர் மண்டபத்துலயா? அதுக்குள்ள போயிட்டியா?"

மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு இளங்கோவன் வீட்டுக் குழந்தையைத் தொட்டிலில் போடுகிறார்கள். வரிசைத் தட்டு வேண்டாம், துணிப்பெட்டியாகவே இருக்கட்டும் என்று குழந்தையின் அப்பா இளங்கோவனே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி, நாலு பக்கமும் மூடியும் சேர்த்து நிமிர்த்திய பெட்டிகள் பதினொன்று. தைத்தது ரூக்ஷார் வீட்டு மாடியில். அதில் பாதி அபியின் கைவேலை. அந்த அபிதான் நேற்றுச் சாயங்காலம் பதினொன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, இனிமேல் இந்தப் படி ஏறமாட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். நாலு வருஷம் அக்கா அக்கா என்று கூடவே இருந்தவள்.

"பொட்டியெல்லாம் அடுக்கியாச்சா?... ம்... ம். மயில்கழுத்து கலர்ல ஒண்ணு இருக்குதே, அதுல இன்னா வெச்சிருக்காங்க?... சும்மாதான் கேக்கறேன், சொல்லேன்... கொழந்தை சட்டையா? எந்தச் சட்டை, இன்னிக்கிப் போடப் போற சட்டையா?... யா அல்லா."

ரூக்ஷார் போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நான் சொல்றத மட்டும் செய். அந்த ஒரு பொட்டிய எடுத்து தனியா ஒரு ரூம்ல வெச்சுடு... காரணம் அப்புறம் சொல்றேன்... சொன்னா செய்யேன்டீ!... இன்னா? ஒண்ணு எடுத்தா பத்தாயிடுமா? வரிசை ஒத்தப்படையில இருக்கணும்னு நீ எனக்குச் சொல்லித் தரியா? நான் தெச்சுக் குடுத்த வரிசைப் பொட்டிங்கள எண்ணவே உனக்கு ஒரு நாள் போதாது. ரெண்டா எடு. ஒம்போது வெச்சுக்கோ... யாரு, கொழந்தையோட அத்தைக்காரி எண்ணிட்டாங்களா? எண்ணினா எண்ணட்டும்... நானா? நான் எதுக்குடீ உன்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தணும்?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்டிருக்கவே கூடாத கேள்வி. எதிர்முனையில் அபி பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை.

"...ஆமா... ஆமா, பிரிச்சேன். இளங்கோவன் சார் முன்னாடிதான் பிரிச்சேன். இல்லன்னா சொல்றேன்?... நீ பண்ணது மட்டும் சரியா? அடிமூலையில ரெண்டு அங்குலம் பட்டி போடாம அப்படியே விட்டிருந்த. பிசிறு வெளிய தொங்குது. அதை அவர் கையில எடுத்துப் பாக்கறாரு, நான் பல்லைக் காட்டிக்கினு நிக்கணுமா?... அழுதியா? அழு. நல்லா அழு. தப்பா தெச்சா அழுதுதான் ஆவணும்."

ரூக்ஷாரின் பெட்டிக்கு ஒரு பேர் உண்டு. உள்ளே கையை விட்டுத் துழாவினாலும் ஒரு நூல் விரலில் சிக்காது. துணியும் துணியும் சேர்கிற ஒவ்வொரு ஓரத்தையும் துணிப்பட்டி வைத்து மூடிவிடுவாள். எங்கே ஆரம்பித்தாள், எங்கே முடித்தாள் என்று தைத்தவளுக்கே தெரியாது. அந்தப் பேருக்காகத்தான் நேற்று வாடிக்கையாளர் முன்னால் அபியின் கையிலிருந்து அந்த மயில்கழுத்துப் பெட்டியைப் பிடுங்கி, கத்தரியால் தையலை டர்ரென்று பிரித்துக் காட்டினாள். அபி சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இளங்கோவனுக்கே சங்கடமாகி, பரவாயில்லைம்மா என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

"அந்தக் கதையெல்லாம் இப்போ எதுக்கு? நேரம் போயிக்கினே இருக்குது... அபி, இதைக் கேளு. அந்தப் பொட்டிக்குள்ள ஊசி முனை இருக்குது... ஊசிடீ, மிஷின் ஊசி. ஒடைஞ்ச முனை... பொய் இல்ல. அல்லா மேல சத்தியமா பொய் இல்ல... எப்பிடின்னா? நேத்து உன் மிஷின்ல ஊசி ஒடைஞ்சுது. முனை கெடைக்கல... யாரு ஒடைச்சதா? உன் மிஷின்ல ஒடைஞ்சா வேற யாரு ஒடைப்பா, பக்கத்து வூட்டுக்காரியா? நீதான்!"

சொல்லி முடிக்கும்போதே முகம் சூடாகிவிட்டது. பச்சைப் பொய். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, மனசு பின்னாலேயே ஓடிவந்து பார்த்துக்கொண்டு நின்றது. அபி அந்தப் பக்கம் கத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த நிதானம்தான் ரூக்ஷாருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"எத்தனை மணிக்கா? எனக்கு எப்பிடித் தெரியும்... ஒரு அஞ்சு மணி இருக்கும்... அப்போ நீ எங்க இருந்த?... கீழயா? கொழாயடியில மூஞ்சி கழுவிக்கினு இருந்தியா... சரி... சரி, இருந்திருக்கலாம்... என் மிஷின்லதான் நான் எப்பவும் உக்காருவேன்னா? ஆமா, எப்பவும் அப்பிடித்தான்... நேத்து... நேத்து வேற மாதிரி..."

கீழே தெருவில் தண்ணீர் வண்டி ஒலிப்பான் அடித்துக்கொண்டு போனது. ரூக்ஷார் அபியின் மிஷினில் மாட்டியிருந்த புது ஊசியைப் பார்த்தாள்.

"...இருக்கிறேன். லைன்ல தான் இருக்கிறேன்... கேக்குது... நான்தான்டீ. போதுமா? நான்தான் ஒடைச்சேன். நீ கீழ போனதும் உன் மிஷின்ல நான் உக்காந்தேன். பிரிச்ச பொட்டிய நானே தெச்சுக் காட்டறேன்னு ஒரு வீராப்பு. கோவத்துல வேகமா மிதிச்சிட்டேன். மூலையில நாலு மடிப்பு துணி, பஞ்சு வேற, டக்குன்னு போச்சு. மேல்பாதி மிஷின்லயே நின்னுச்சு. முனையக் காணோம்... தேடினேன். ஏன் தேடல? கீழ, மிஷின் மேல, உன் ஸ்டூல் மேல, எல்லா எடமும் தேடினேன். கெடைக்கல... ஆமா. வேற ஊசி மாட்டி தெச்சேன். ஆமான்னு சொல்றேன்ல."

எந்த வாயால் இதைச் சொல்கிறாள்! ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும், காகிதத்தில் வைத்து டேப் போட்டு ஒட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் அடுத்த தையல். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது கற்ற சட்டம் இது. அதைத் தன் வீட்டு மாடிக்கும் கொண்டுவந்தவள் அவள். இரண்டு வருஷத்துக்கு முன் அபி கையில் ஒரு ஊசி உடைந்தது. முனை கிடைக்கிறவரை நகரக்கூடாது என்று நாலு தலையணையைப் பிரிக்க வைத்தாள். அன்றைக்கு அபியின் அண்ணன் ஜெபகுமாருக்குக் கல்யாண வரவேற்பு. அபி போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்துவிட்டிருந்தது.

"...தெரியும். தெரியும்டீ. உங்க அண்ணன் ரிசப்ஷன் தானே, இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவ?... சரி, நான் பண்ணது தப்பு. அது வேற, இது வேற... ஒண்ணுதானா? சரி, ஒண்ணுதான். ஒத்துக்கினேன். போயி பொட்டியப் பிரி. உள்பக்கமா அடிமூலைப் பட்டிய அறுத்தா பஞ்சு தெரியும், அங்கதான் இருக்கும்... இன்னா? ஏன் பிரிக்க மாட்ட?... நான் ஆட்டோ புடிச்சு வர அரை மணி ஆவும்டீ, அதுக்குள்ள சட்டையப் போட்டுடுவாங்க!... இளங்கோவன் சார்கிட்ட நானே சொல்லணுமா? வேணாம். அபி, அது மட்டும் வேணாம். அவர் நாலு பேர்கிட்ட சொல்லித்தான் எனக்கு ஆர்டர் வருது. என் பேரு போயிடும்டீ... அபி. இன்னா இவ்ளோ கல்நெஞ்சமா இருக்கிற?... நேத்து உனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

அபி அதற்கு என்ன சொன்னாளோ, ரூக்ஷார் அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணி பத்தடிக்க இரண்டு நிமிஷம். குழந்தைக்கு மூன்று மாசம். எங்கே குத்துகிறது என்று சொல்லத் தெரியாத வயசு. அழும், பசிக்கு அழுகிறது என்று பால் கொடுப்பார்கள். அதற்கு மேல் ரூக்ஷாரால் நினைக்க முடியவில்லை.

"குடு. போன அவர்கிட்ட குடு... குடுன்னா குடு, நானே சொல்றேன்... திமிரு புடிச்சவளே, குடுடீ!"

கொஞ்ச நேரம் மைக் சோதிக்கிற சத்தமும் நாற்காலி இழுக்கிற சத்தமும் கேட்டன. ரூக்ஷார் முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள், எதிரில் ஆள் வந்து நிற்பதைப் போல.

"ஹலோ, வணக்கம் சார். ரூக்ஷார் பேசறேன் சார்... அப்பிடியா சார்? எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்றாங்களா?... ரொம்ப சந்தோஷம் சார்... அம்மாவுக்கும் புடிச்சிருக்கா... இல்ல சார், அதுக்குப் போன் பண்ணல. சார், அந்த மயில்கழுத்துப் பொட்டி... அதேதான், சட்டை வெச்சிருக்கிற பொட்டி. அதுக்குள்ள ஒடைஞ்ச ஊசி முனை இருக்குது சார்... ஊசி சார். தையல் ஊசி... ஆமா சார். தெரிஞ்சுதான் அனுப்பினேன்... அபி இல்ல சார்! அவளைத் திட்டாதீங்க, அவளுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. என் கையால ஒடைஞ்சது. நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும்... திட்டுங்க சார். இன்னா வேணா சொல்லுங்க. ஆனா மொதல்ல சட்டைய வெளிய எடுங்க. உதறாதீங்க, உதறினா கீழ விழுந்துடும், கொழந்தைங்க தவழற எடம்... சார்?... சார்?"

இளங்கோவன் போனை யார் கையிலோ கொடுத்துவிட்டார். இல்லை, எறிந்துவிட்டாரோ என்னவோ. ஒரு பெண் உரக்க என்னவோ கேட்டாள், இன்னொரு குரல் ஐயையோ என்றது. பிறகு எல்லாம் அடங்கிப்போயிற்று. ரூக்ஷார் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டாள். காது வலித்தது.

"ஹலோ... யாரு, அபியா? பிரிச்சாங்களா?... கெடைச்சுதா?... கெடைச்சுதா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல!... இன்னா?... உன் பர்ஸ்லயா? எது உன் பர்ஸ்ல?... பேப்பர்ல... டேப் போட்டா?... ஊசி முனையா?... முழுசா இருக்குதா? அதுவும் ரெண்டா ஒடையாமயா?... அல்ஹம்துலில்லா. அல்ஹம்துலில்லா... அவர்கிட்ட காட்டிட்டியா? சட்டைய போடச் சொன்னியா?... அல்ஹம்துலில்லா."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஒரு நிமிஷம் வேறு எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. அப்புறம் ஏறியது.

"இரு. உன் பர்ஸுக்கு எப்பிடி வந்துச்சு?... நீ மூஞ்சி கழுவிட்டு மேல வந்து, கடைசியா அந்தப் பொட்டிய கையால தெச்சு மூடும்போதா? விரல்ல குத்துச்சா?... அப்போ நேத்து என் எதிர்லயே உக்காந்துக்கினு அதை எடுத்து, ஒட்டி, பர்ஸ்ல போட்டுக்கினு, வாயத் தொறக்காம போயிருக்கிற! அடிப்பாவி! இவ்ளோ நேரம் என்னைக் கதற வுட்டு வேடிக்கை பாத்தியா? அவர்கிட்ட போனக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாய் முத்து உதுந்துடுமா? என் மானத்த வாங்கணும்னே கங்கணம் கட்டிக்கினு... நீ நல்லா இருப்பியாடீ? நாலு வருஷம் என் வூட்டுச் சோத்தத் தின்னுட்டு... பேசாத! நீ ஒண்ணும் பேசாத!"

ஆனால் அபி பேசினாள். குரலை உயர்த்தாமல், ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் இரண்டு முறை குறுக்கே பாயப் பார்த்து, ரூக்ஷார் வாயை மூடிக்கொண்டாள்.

"...ம்... ம்... ராத்திரி முழுக்கவா?... போனப் பக்கத்துலயே வெச்சுக்கினா?... நான் பண்ணுவேன்னா?... ம்... விடிஞ்சதும் பண்ணுவேன்னு... ம்."

ராத்திரி ரூக்ஷாரும் தூங்கவில்லை. தலைமாட்டில் இருந்த போனை எடுப்பாள், அபி பேரை வரவழைப்பாள், திரும்ப வைப்பாள். முனை தரையில் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். காலையில் விளக்குமாறு போட்டுப் பெருக்கி, காந்தத்தைத் தரையெல்லாம் உருட்டிப் பார்த்து, ஒன்றும் ஒட்டாமல் போன பிறகும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நேத்தே பண்ணலன்னா கேக்கற?... அது வந்து... இரு, சொல்றேன். உன்கிட்ட வந்து தப்பு என்னுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவ்ளோதான். உன்கிட்ட மட்டும் தோக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. பச்சைக் கொழந்தை உசுரு அங்க இருக்குது, எனக்கு என் வீம்பு பெரிசாப் போச்சு அபி... கேக்குதா?... அபி?... ஹலோ?"

ரூக்ஷார் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருபத்தொரு நிமிஷம் பேசியதாகத் திரை காட்டியது. கடைசியாகச் சொன்னதை அபி கேட்டுவிட்டு வைத்தாளா, கேட்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டாளா என்று அதில் போடவில்லை.