நிறைமாதக்காரியிடம் பறித்த குடம்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே! ஏற்காட்டுக் குளிரையும் என் பேச்சையும் ஒருசேரத் தாங்க வந்திருக்கும் தோட்ட அதிபர்களே! சான்றோர்களே! மாரமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, நான் வாய் திறக்குமுன்னே வாயைப் பொத்திச் சிரிக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நிர்வாகத் திறமையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். யாரை? இந்த ஏசுராஜையா? துணிச்சல்தான் உங்களுக்கு!

எழுபத்தேழாம் ஆண்டு. சென்னையில் கற்ற கல்வியும், கரை காணாத கர்வமும், கழுத்தில் டையுமாக எஸ்டேட் மேனேஜராய் வந்து இறங்கினேன். (சிரிக்காதீங்கம்மா, அட்டை கடித்தபோது அந்த டைதான் காலுக்குக் கட்டாயிற்று.) வந்ததும் ஓர் ஆணை பிறப்பித்தேன். வாரத்தில் அதிகமாகக் காப்பிப் பழம் பறிப்பவருக்கு எல்லோர் முன்னிலையிலும் எவர்சில்வர் குடம்!

முதலிடம் பார்வதிக்கு. பெயரைச் சொல்லி அழைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு மெல்ல நடந்து வந்தார். குனியவே முடியாதவர் எப்படி முந்தினார் என்று யோசித்தேனா? இல்லை! கைதட்டினேன். நான் ஒருவன்தான் தட்டினேன்.

கூடைக் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி காதோரம் வந்தார். “சார், அந்தப் புள்ள எங்கீங்க பறிச்சுது? மாசமா இருக்கறவ கூடையில போறவங்க வர்றவங்க ஆளுக்கு ரெண்டு கை போட்டுருவாங்க. இங்க அப்படித்தானுங்க வழக்கம்.”

அதோடு விட்டேனா? “மோசடி! திருட்டு!” என்று முழங்கினேன். கொடுத்த குடத்தை அவர் கையிலிருந்தே திரும்ப வாங்கினேன். ஐயோ, இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பழுத்த பழம் தரையில் கொட்டுகிறது! வானம் கருத்துக்கொண்டு நிற்கிறது! முதலாளியின் தந்தி வருகிறது: பழத்தை மலையை விட்டு இறக்கு, இல்லையேல் நீ இறங்கு!

பழம் பறிப்பவர்களின் ஊரான மாரமங்கலத்துக்கு நடந்தேன். பார்வதி வீட்டு வாசலில் அத்தனை பெண்களும் இருந்தார்கள். வழியெல்லாம் மனப்பாடம் செய்த மன்னிப்புரையை “அன்பார்ந்த...” என்று தொடங்கினேன்.

“ஏனுங்க சார், மொதல்ல உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க,” என்றார் பார்வதி. “கொடம் போனாப் போவுதுங்க. இவங்க ஆசையாப் போட்டதத் திருட்டுன்னு சொல்லிப்போட்டீங்களே, அதுதானுங்க நொம்ப வலிச்சுப்போச்சு.”

“தப்புதாம்மா,” என்றேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. “இனிமே யாரு கூடையில யாரு போட்டாலும் நான் கேக்க மாட்டேன். வேலைக்கு வருவீங்களா?”

மூத்தவர் தனலட்சுமி சொன்னார்: “வர்றோமுங்க. ஆனா நாங்க பறிக்கறப்ப நீங்க காப்பிக் காட்டுப்பக்கம் வராதீங்க. அது போதும்.”

அவையோரே! பதினோரு பருவங்களாக அந்த ஆணைக்கு அடங்கி, அறைக்குள் அமர்ந்திருக்கிறேன். அதன்பின் ஒரு பழமாவது தரையில் அழுகியதுண்டா? இல்லை! ஒரு நாளாவது வேலை நின்றதுண்டா? இல்லை! அறைக்குள் அமர்ந்திருந்த அந்த அருஞ்சாதனைக்குத்தான் இன்று நீங்கள் போர்த்திய இந்தப் பொன்னாடை! இந்த மலையை நடத்துவது என் படிப்பா? என் பதவியா? பக்கத்துக் கூடைக்கு ஒரு கை கூடுதலாகப் போடும் உங்கள் பண்பல்லவா, தாய்மார்களே!

நாளை பறிப்பு தொடங்குகிறது. நான் வரமாட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள். நன்றி, வணக்கம்!