பதினோரு கடிதம் கொடுத்த அமைச்சர்

திருமதி லியாவ் அவர்களே, மேடையிலுள்ள பெரியோர்களே, இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் மாணவர்களே, வணக்கம்.

தைப்பேயில் இருபத்தாறு ஆண்டுகள் பேராசிரியர் லியாவ் சுங்-யீயின் பக்கத்து அறையில் அரசியல் அறிவியல் கற்பித்தவள் நான். அவருடைய இந்த இரங்கல் கூட்டத்துக்கு, அழுதுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். உள்ளே நுழைந்ததும் அழுகை நின்றுவிட்டது. அவர் படத்துக்கு மேலே, நட்டநடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஓர் அஞ்சலிப் பட்டுத் துணி தொங்குகிறதே, பார்த்தீர்களா? "உண்மையின் காவலர்" என்று எழுதியிருக்கிறது. அனுப்பியவர்கள் யார்? அந்த உண்மைக்காகவே அவரை அமைச்சர் பதவியிலிருந்து இறக்கியவர்கள்.

தேர்தல்களைப் பற்றி ஆறு நூல்கள் எழுதியவர் அவர். நம் வாக்குச்சாவடியில் ஒவ்வொரு சீட்டையும் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, பெயரை உரக்கச் சொல்லித்தானே எண்ணுகிறோம்? வகுப்புத் தலைவர் தேர்தலுக்கே அப்படித்தான் எண்ணவைப்பார். "இன்னும் மேல தூக்குப்பா. கடைசி பெஞ்சுல தூங்கறவனுக்கும் தெரியணும்" என்பார்.

அமைச்சரானதும் அவர் திறக்கச் சொன்னது ஒரு பெட்டியை. இராணுவச் சட்டக் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், சாகுமுன் தம் வீட்டாருக்கு எழுதிய நூற்று நாற்பது கடிதங்கள் அதில் கிடந்தன. ஒன்றுகூட வீடு சேரவில்லை. செயலாளர் பயந்துபோனார். "சார், அதத் தொட்டா உங்க நாற்காலி போயிடும்." இவர் சிரித்தார். "போகட்டும்யா. காலேஜ்ல என் மர நாற்காலி காலியாத்தான் இருக்கு."

பதினோரு கடிதங்களைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். தெற்கே ஜியாயி நகரில் ஜியான் சூ-யிங் அம்மையாரின் வீட்டுக்கு நானும் உடன் போனேன். தந்தை கொல்லப்பட்டபோது அந்த அம்மையாருக்கு மூன்று வயது. கடிதத்தைப் பிரிக்காமலே கேட்டார்: "அறுபது வருஷமா சார்? தபால்காரருக்கு வழி தெரியலையா?" அமைச்சர் இடுப்பு வளையக் குனிந்தார். போதும் என்று அம்மையார் சொல்லும்வரை நிமிரவில்லை.

பன்னிரண்டாவது கடிதத்துக்கு முன்பே அரசின் அறிக்கை வந்துவிட்டது: "உடல்நலம் கருதி விலகினார்." என்ன உடல்நலம்? அந்த ஞாயிற்றுக்கிழமைகூட யாங்மிங் மலையில் என்னை மூச்சிரைக்க வைத்தவர் அவர்! பெட்டியை மறுபடி பூட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் மனு மேல் மனுவாக எழுதினார். ஒரு பதிலும் இல்லை. இறந்த மறுநாளே பட்டு வந்துவிட்டது. இதற்கு மட்டும் வழி தெரிந்திருக்கிறது.

ஜியான் அம்மையார் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்துடுச்சும்மா. மத்தவங்களுக்கு?" என்று கேட்டார். என்ன சொல்வது? இன்னும் காத்திருங்கள் என்றா? எத்தனை பேருக்கு இனிக் காத்திருக்க ஆயுள் இருக்கிறது?

திருமதி லியாவின் ஒப்புதலோடு சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தப் பட்டுத் துணியை, அனுப்பியவர்கள் வாசலிலேயே திருப்பிக் கொடுப்போம். பேராசிரியர் தம் கைப்படச் சீட்டுகளில் எழுதிவைத்த, கடிதம் வீடு சேராத நூற்று இருபத்தொன்பது பேரின் பெயர்களையும், ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, உரக்க வாசிப்போம். பெட்டி திறக்கும்வரை தினமும் வாசிப்போம்.

படிக்கட்டில் நிற்கும் மாணவர்களே, உங்களில் உயரமானவர்கள் இரண்டு பேர் மேடைக்கு வாருங்கள். முதலில் அந்தப் பட்டுத் துணியைக் கழற்ற வேண்டும்.