மாட்டக்கூடாத படம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் கண்ணாடி போட்ட பெரிய தென்னந்தோப்புப் படத்தை மடியில் வைத்திருந்தார்.

“ஏனுங்க, உங்க தென்னந்தோப்பக் கொஞ்சம் நகத்துங்க, முட்டில இடிக்குது,” என்றார் பக்கத்திலிருந்த விவசாயி.

“என்னுதில்லீங்க. ஒருத்தரு தோட்டத்தப் போட்டோப் புடிச்சு, பெருசாக்கி, கையால பச்சை தீட்டிக் கொண்டு போனனுங்க. வேண்டாம்னுட்டாங்க.”

“ஏனாமா?”

“செவுத்துல சாமி படம், இல்லீனா செத்தவங்க படந்தான் மாட்டோணுமாமா. தோட்டத்த மாட்டுனா தோட்டம் போயிருமாமா.”

விவசாயி படத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடித் தூசியைத் துண்டால் துடைத்தார்.

“அப்படிப் பாத்தா எங்க தோட்டத்த மாட்டலாமுங்க. அணைத் தண்ணிக்குள்ள போயி வருசம் ஒண்ணாச்சு. படந்தானுங்க இல்ல.”