புல்லாங்குழலுக்கு அடுத்த பாட்டு

கல்யாணத்தில் பாட்டை யாரும் கேட்பதில்லை. இப்படிச் சொன்னால் என் தொழிலை நானே தாழ்த்திப் பேசுவதாகத் தோன்றும். அப்படியில்லை ஐயா. காதில் விழுந்தும் கேட்காமல் போகிற பாட்டுதான் வேலை செய்கிற பாட்டு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சடங்கு முடிந்து சாப்பாட்டுக்குக் கூட்டம் எழ வேண்டும். மைக்கில் கூப்பிட்டால் யாரும் எழ மாட்டார்கள். முதலில் எழுந்தால் சாப்பாட்டுராமன் என்று பெயர் வருமோ என்று ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். நான் கூப்பிட மாட்டேன். மண்டபத்தில் ஒலியைக் கொஞ்சம் குறைப்பேன். சாப்பாட்டுக் கூடத்தில் கொஞ்சம் கூட்டுவேன். தாளம் சற்று விரைவான பாட்டாக மாற்றுவேன். பேச்சு தானாக நிற்கும், கால்கள் தானாகக் கிளம்பும். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த மாமாகூட எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொள்வார். கேட்டால் பசித்தது என்பார். இத்தனை வருடத்தில் ஒருவரையும் நான் தள்ளியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தொடங்கிய பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வரும் அமைதி எந்தச் சத்தத்தையும் விடப் பெரியது. மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கும். என்னை யாரும் பார்க்காமல் இருப்பதுதான் என் வேலையின் தரம்.

வீட்டிலும் என்னை யாரும் அதிகம் பார்த்ததில்லை. அண்ணனுக்கு டயர் கடை. உறவில் எந்த வழக்கு வந்தாலும் அவர் சொல்வதுதான் முடிவு. எனக்கு அங்கே பெயர் மைக்செட். அண்ணி கூப்பிடுவதும் அப்படித்தான்; அண்ணனின் மூத்த மகன், என் கண் முன்னால் பிறந்தவன், அவனும் அப்படித்தான். அவனுடைய தங்கை ஒருத்திதான் சித்தப்பா என்பாள். சின்ன வயதில் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உள்ள யாரோ நடக்குறாங்க சித்தப்பா" என்பாள். அவளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவோம்.

சிட்டு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற ஒருவரை விரும்பினாள். கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர். விஷயம் தெரிந்ததும் அண்ணன் சத்தம் போடவில்லை. அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டார், வேறு மாப்பிள்ளை பார்த்தார். அவள் அறை வாசலில் அண்ணி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கு மட்டும் இருந்தது. கல்யாணத்துக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமல்லவா. மைக்செட் போனால் என்ன ஆகிவிடும்?

பாட்டுப் போடும் கருவியையும் சிறிய ஸ்பீக்கரையும் கட்டிலின் மேல் வைத்தேன்.

"நுழையும்போது ஒண்ணு, மேடையில நீங்க ரெண்டு பேரும் உறுதிமொழி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு, வரவேற்புக்குக் கொஞ்சம் துள்ளலா நாலஞ்சு. உனக்கு எது பிடிக்கும், சொல்லு."

"சாவு வீட்டுப் பாட்டு ஏதாவது இருக்கா சித்தப்பா?"

"வாயைக் கழுவுடி," என்றார் அண்ணி, துணி மடித்தபடியே. "நல்ல காரியம் பேசுற நேரத்துல."

"நல்ல காரியம் உங்களுக்குத்தாம்மா. நான் சும்மா விருந்தாளி."

ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டில் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து, சொல்லே இல்லாமல் குரலை மட்டும் நீட்டிப் பாடுவார்கள். அது வந்ததும், "கொஞ்சம் சத்தமா வைங்க" என்றாள். வைத்தேன். அவள் குனிந்து பேசத் தொடங்கினாள். வாசலில் இருந்த அண்ணிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இது எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. பேச்சை மறைக்க மேளம் உதவாது. இரண்டு அடிக்கு நடுவில் இடைவெளி இருக்கும். அதன் வழியாகப் பேச்சு எட்டிப் பார்க்கும். மனிதக் குரலை மறைக்க மனிதக் குரல்கள்தான் வேண்டும், இடைவெளி இல்லாமல். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்த மாதிரி. நூல் அங்கேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

"நீங்க அவர்கிட்ட நேரத்தை மட்டும் சொல்லிடுங்க," என்றாள். "பின் கேட்டுல வண்டியோட நிப்பாரு. மண்டபத்துப் பின்வழியில யாரும் இல்லைன்னா எனக்குத் தெரியணும். போன் இல்ல. ஆனா நீங்க வைக்கிற பாட்டு எனக்குக் கேட்கும்ல?"

"கேட்கும்."

"அப்ப புல்லாங்குழல் வைங்க. வந்தா எந்திரிச்சு நடப்பேன். வரலைன்னா மேடைக்குப் போயிடுறேன். அதுக்கு மேல என் தலையெழுத்து."

"என்கிட்ட ஏம்மா சொல்ற?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

நல்ல யோசனை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஒலியைக் கொண்டு ஒருவரை நகர்த்தலாம் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. அவள் இருக்கப்போகும் அறையில் தனி ஸ்பீக்கர் ஒன்று வைக்க வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

பிறகு ஏன் அண்ணனிடம் போனாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்த வீட்டிலிருந்து இறங்கும்போது அவளுக்கு உதவத்தான் நினைத்தேன். கண்ணாடிக் கடைக்குத்தான் கிளம்பினேன். டயர் கடை வழியில் இருந்தது.

"என்னடா மைக்செட், ஒயர் பத்தலையா?" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

"சிட்டு விஷயமாக் கொஞ்சம் பேசணும்ண்ணே."

அவர் நிமிர்ந்தார். பக்கத்து நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு, "உக்காரு" என்றார். அந்தக் கடையில் நான் அதுவரை நின்றுதான் பேசியிருக்கிறேன். டீ வாங்கிவரச் சொல்லி, டம்ளரை அவரே என் கையில் கொடுத்தார். முழுவதும் சொன்னேன். அவர் ஒரு டயரை இழுத்துச் சுவரில் சாத்தினார்.

"உலை வாயை மூடலாம். ஊர் வாயை எதைக் கொண்டுடா மூடுறது," என்றார். பிறகு, "நீ என்ன நினைக்கிற?" என்றார்.

ஐயா, அப்படி ஒருவர் என்னிடம் கேட்டதே இல்லை. கேட்ட பிறகு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. நன்றாக யோசித்துச் சொன்னேன்: "இப்பக் கேட்டா இல்லைன்னு சத்தியம் பண்ணுவா. கையும் களவுமாப் பிடிச்சாத்தான் பேசித் திருத்த முடியும். புல்லாங்குழலை நான் வைக்கிறேன்."

"பேசித் திருத்துவோம்," என்றார் அண்ணன். "சத்தம் மட்டும் வெளிய வராமப் பாத்துக்க."

கண்ணாடிக் கடைக்கு நான் போகவில்லை. கல்யாண நாளன்று கடையிலேயே உட்கார்ந்து, சிட்டுவிடமிருந்து ஏதாவது தகவல் வருமா என்று காத்திருந்ததாக அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மை. அவரைச் சந்தேகப்பட வேண்டாம்.

மண்டபத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மேடைக்குப் பின்னால் மணமகள் அறை. அதிலிருந்து பின் கேட்டுக்கு ஒரு நீண்ட நடைவழி. பாதி வழியில் உடைந்த நாற்காலிகள் போடும் அறை. அண்ணனும் அவருடைய மூத்த மகனும் அதற்குள் நின்றார்கள். புல்லாங்குழலுக்கு அடுத்து அந்தக் கூட்டுக்குரல் பாட்டை வைத்தேன். குடும்பச் சண்டை விருந்தாளிகளின் காதில் விழக் கூடாதே என்றுதான்.

உறுதிமொழி சொல்வதற்காக அவள் உடையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டேன். மணமகள்கள் படபடப்பில் பொத்தானை அணைத்துவிடுவார்கள். அதைத் தொடாதே என்று சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புல்லாங்குழல் மறந்துடாதீங்க."

"மறப்பேனா," என்றேன். மறக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க அண்ணி வாசலுக்குப் போனார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எந்த மைக்கின் ஒலியும் முதலில் என் காதுக்கு வரும். என் மேசைக் கருவியில் அந்த மைக்குக்கு உரிய கைப்பிடியை நான் மேலே தள்ளினால்தான் மண்டபத்துக்குப் போகும். அவளுடைய கைப்பிடி கீழே இருந்தது. புல்லாங்குழலை வைத்தேன்.

நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. உடை தரையில் உரசியது. அவள் தாளத்துக்குச் சரியாக நடந்தாள். எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள், அவர்களுக்கே தெரியாது. நான் தள்ளவில்லை.

கூட்டுக்குரலை ஒரேயடியாக உயர்த்தவில்லை. அப்படிச் செய்தால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மெல்ல மெல்ல ஏற்றினேன். மண்டபத்தில் எல்லோரும் அதற்கேற்ப ஒருவர் காதில் ஒருவர் சற்று உரக்கப் பேசினார்கள், சிரித்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, பாட்டு நன்றாக இருப்பதாகக் கையைக் காட்டினார்.

அண்ணன் முதலில் பேசத்தான் செய்தார். அவர் பக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். "மேடைக்கு வா, எல்லாத்தையும் மறந்துடுறேன்" என்றார். "மாட்டேம்ப்பா" என்றாள். மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னாள். அதன் பிறகு அவர் பேசவில்லை. நாற்காலிகள் சரிந்த சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு மைக் நினைவு வந்திருக்க வேண்டும்.

"சித்தப்பா," என்றாள், என்னிடம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. "பாட்டை நிறுத்துங்க சித்தப்பா."

இரைச்சல் இல்லாமல், கரகரப்பு இல்லாமல் வந்தது. நல்ல மைக். மறுபடியும் அதையே சொன்னாள். அப்புறம் சித்தப்பா என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அதில் பாதி.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். பொய்யில்லை. என் கை அதுவாகவே எழுந்து போனது. பாட்டின் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டியது.

ஹெட்போனை ஏன் கழற்றவில்லை என்று கேட்டீர்கள். திறந்திருக்கிற மைக்கைக் கவனிக்காமல் விடக் கூடாது. துணி உரசுகிற சத்தம் மட்டும் மிஞ்சி, அதுவும் நிற்கும் வரை கவனித்தேன். அவளுடைய கைப்பிடியை ஒரு விரலால் மேலே தள்ளியிருந்தால் மண்டபமே ஓடியிருக்கும். பாட்டை நிறுத்தியிருந்தாலும் கேட்டிருக்கும், ஒரு சுவர்தான் நடுவில். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொடங்கிய பாட்டை நான் நடுவில் நிறுத்துவதில்லை என்று முதலிலேயே சொன்னேன்.

நீங்கள் இப்போது அந்தக் கல்யாண வீடியோவை மறுபடியும் போட்டுக் காட்ட வேண்டாம் ஐயா. என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணன் பக்கவாட்டுக் கதவு வழியாக மேடைக்கு வருகிறார். தலை சீவியிருக்கிறார். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதற்காக, என் பக்கம் கையை லேசாக உயர்த்துகிறார். பாட்டு நடுவிலேயே நிற்கிறது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்.

அது வேறு ஐயா. அது அண்ணன் கேட்டது.