இரண்டாம் பட்டிக்குப் போட்ட வாழைப்பழம்

பன்றிக்குட்டிக்கு வயிற்றோட்டம் வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் கவலை எங்கே போனது என்று மனைவி கமலாசனி சிரிப்பாள். இந்த அம்பிகைபாகன் இளகிய மனசுக்காரன் என்று கண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஐயா. விசாரணையை அங்கிருந்து தொடங்கினால் நல்லது.

கம்பளைக்கு மேலே எங்கள் ஆராய்ச்சிப் பண்ணை. பால்குடி மறந்த குட்டிகளை இரண்டு பட்டியாகப் பிரித்தேன். முதற்பட்டிக்குத் தீவனத்தோடு சிக்கரி வேர் மாவு. அது குட்டிக்குச் செரிக்காது. குடலின் கடைசிப் பகுதிவரை போய் அங்கே குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்களுக்குச் சாப்பாடாகும். அவை பெருகினால் நோய்க்கிருமிகளுக்கு இடமில்லை. இரண்டாம் பட்டிக்கு வெறும் தீவனம். அப்போதுதான் ஒப்பிட முடியும். நாட்டில் ஆளை ஆள் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு குடலுக்குள்ளாவது நல்லவர்கள் கை ஓங்கட்டும் என்று பாடுபட்டவன் நான்.

தீனி போட்டவர் கறுப்பையா, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து ஆள். "அதுகளும் குட்டிங்கதானே ஐயா, அதுகளுக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டார். விஞ்ஞானம் என்றேன். தலையாட்டிவிட்டு, இரண்டாம் பட்டிக்குத் தினமும் வாழைப்பழமும் வெங்காயமும் கள்ளமாகப் போட்டிருக்கிறார். அவற்றிலும் அதே சத்து உண்டு. கடைசியில் இரண்டு பட்டியும் ஒரே மாதிரிக் கொழுத்தன. மாவால் பயனில்லை என்று முடிவு வந்தது. என் உழைப்பெல்லாம் மண்ணாய்ப் போனது. இப்படிப்பட்டவர்மேல் யாருக்குத்தான் கோபம் வராது?

பரிசோதனை முடிந்த கையோடு கண்டியில் குண்டு வெடித்தது. சுற்றிவளைப்பில், அடையாள அட்டை இல்லாமல் பிடிபட்ட கறுப்பையாவை இராணுவம் பண்ணை வாசலுக்குக் கொண்டுவந்தது. ஐயா ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று அவர்தான் வழிகாட்டி வந்திருக்கிறார். அதிகாரி முதலில் என் அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததில் அவருடைய விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, இவனைத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"நான் கறுப்பையாங்க, ஐயா," என்றார் அவர், எனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தவர்போல. ஜீப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. விஞ்ஞானத்துக்குத் துரோகம் செய்தவரை நான் ஏன் தாங்க வேண்டும்? காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை.

பழம் போட்ட விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று கேட்கிறீர்கள். அவருடைய மனைவி அங்கம்மா சொன்னார். முகாம் முகாமாக அலைந்து களைத்து, ஒரு மாதம் கழித்துப் பண்ணைக்கு வந்திருந்தார். வாசலில் நடந்ததை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"அந்தக் குட்டிங்களுக்கு ஒளிச்சு ஒளிச்சுப் பழம் போட்டாருங்க. அதுல கோவிச்சுக்கிட்டுத்தான் தெரியாதுன்னுட்டீங்களா, ஐயா?"

பழக் கதையை நான் கேள்விப்பட்டதே அப்போதுதான். ஓம், அதாலதான் என்றேன்.